சின்ன டீசல் கார், எப்போதாவது ஒரு ட்ரெய்லர்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மச்சான், டீசல்தானே, யானையைக் கட்டினாலும் இழுக்கும்.”

லண்டனுக்கு வெளியே வீடு வாங்கி, தோட்டத்தோடு மல்லுக்கட்ட ஆரம்பித்த வருடம் நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன புத்திமதி இது. அதை நம்பித்தான் 1.6 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். எனக்கு யானை எதுவும் இழுக்க வேண்டியிருக்கவில்லை. வருடத்தில் ஏழெட்டு நாள், ஆறடிக்கு நாலடி ட்ரெய்லர் ஒன்றில் தோட்டக் குப்பையைக் கவுன்சில் கிடங்குக்குக் கொண்டு போக வேண்டும். உறவுக்காரர் யாராவது வீடு மாறினால் கட்டில், மெத்தை ஏற்ற வேண்டும். கோயில் தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் சாமான் கொண்டு போக வேண்டும். அவ்வளவுதான். கார் இதையெல்லாம் முனகாமல் இழுத்தது. ட்ரெய்லர் இல்லாத மற்ற நாட்களில்தான் அது என் உயிரை எடுத்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில், பெரும்பாலானவர்கள் பார்க்காமல் விடும் ஒரு தகடு.

காரைப் பார்க்கப் போகும்போது எஞ்சினைப் பார்க்கும் முன் முன்கதவைத் திறந்து பாருங்கள். கதவுத் தூணிலோ, சில கார்களில் பானட்டுக்கு அடியிலோ, நாலு எடைகள் வரிசையாக அச்சிட்ட தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். முதல் வரி, ஆளும் சாமானும் நிறைந்த காரின் அதிகபட்ச எடை. இரண்டாவது, காரும் ட்ரெய்லரும் சேர்ந்து எவ்வளவு போகலாம் என்பது. மூன்றும் நாலும் முன் அச்சு, பின் அச்சு தாங்கும் எடைகள். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 1,650, 2,650 என்று இருந்தால், கார் நிறைந்திருக்கும்போது பின்னால் 1,000 கிலோவுக்கு இடம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது எடையே காணோம் என்றால், அந்தக் கார் எதையும் இழுப்பதற்கு அனுமதி பெறாதது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். “டோபார் (ட்ரெய்லரைக் கோக்க காரின் பின்னால் மாட்டும், உருண்டை முனையுள்ள இரும்புச் சட்டம்) மாட்டியிருக்கிறதே” என்று விற்பவர் சொல்லலாம். சைக்கிள் ஸ்டாண்டுக்காகவும் டோபார் மாட்டுவார்கள்.

விளம்பரத்தில் போட்டிருக்கும் இழுவை எடையை நம்பி வாங்குவதும் இதே வகைத் தவறுதான். ஒரே மாடலில் எஞ்சின் மாறினால் எண் மாறும், கியர்பாக்ஸ் மாறினாலும் மாறும். எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்கென்று நீளமான கியர்களோடு வந்த சில டீசல் ரகங்களுக்கு, அதே காரின் சாதாரண ரகத்தைவிடக் குறைவான எடையே அனுமதி. ஆகவே நீங்கள் வாங்கப்போகும் அந்தக் காரின் தகடும் கையேடும்தான் கணக்கு.

அந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் டீசல் மோகம் கொஞ்சம் தணியும். ஐரோப்பிய விதிப்படி, ட்ரெய்லரோடு சேர்ந்த வண்டி 12 சதவீத ஏற்றத்தில், அதாவது நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் ஏறும் சாலையில், ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து தடவை நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். கிளட்ச் எவ்வளவு சூடு தாங்கும், முதல் கியர் எவ்வளவு குட்டை என்பதெல்லாம் அங்கே கணக்குக்கு வந்துவிடும். டீசலின் அடிவேக விசை உதவும்தான், ஆனால் அது இன்று டீசலின் தனிச்சொத்து இல்லை. ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.6 டீசல் தந்த முறுக்குவிசை 250 நியூட்டன் மீட்டர். அதே நிறுவனத்தின் 150 குதிரைத்திறன் கொண்ட 1.5 டர்போ பெட்ரோல் எஞ்சின் அதே 250ஐ நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே தருகிறது.

லைசென்ஸ் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் சாதாரணக் கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் தனித் தேர்வு எதுவும் எழுதாமல் 3,500 கிலோ வரையிலான ட்ரெய்லரை இழுக்கலாம். அது ஓட்டுபவருக்கான வரம்பு. காரின் வரம்பு தகட்டில் இருப்பதுதான்.

பிரேக் இல்லாத ட்ரெய்லரும் ஈரமண்ணும்

எப்போதாவது இழுப்பவர்கள் அநேகமாக வாங்குவது பிரேக் இல்லாத சின்ன ட்ரெய்லர். அதற்குத் தனி வரம்பு: சட்டப்படி 750 கிலோ, அல்லது காரின் வெற்று எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. காரின் கையேடு இன்னும் குறைவாகச் சொன்னால் அதுதான். 1,160 கிலோ காருக்குப் பாதி 580. ட்ரெய்லரின் சொந்த எடை 130 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஏற்றக்கூடியது 450. பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு 1,000 கிலோ அனுமதி உள்ள அதே காருக்குத்தான் இந்தக் கணக்கு. பெரிய எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு ட்ரெய்லர் கடைக்குப் போவதால் ஏமாறுகிறோம்.

450 கிலோ நிறைய என்று தோன்றும். ஆறடி நீளம், நாலடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 0.68 கன மீட்டர். வெட்டிய கிளைகளும் இலையும் போட்டால் நூறு கிலோகூடத் தேறாது. அதே தொட்டியில் விளிம்பு வரை ஈரமண் போட்டால் ஒரு டன்னைத் தொடும். பார்வைக்கு இரண்டும் “ஒரு ட்ரெய்லர் லோடு”தான். நான் முதல் தடவை மண் ஏற்றியபோது கால்வாசி நிறைந்ததுமே காரின் பின்பக்கம் உட்கார ஆரம்பித்தது. அன்றைக்குத்தான் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டேன். மண், கல், உடைத்த ஓடு, ஈரப்புல் என்று கொண்டுபோகப் போகிறவர்கள் காரைத் தேடும் முன்பே பிரேக் உள்ள ட்ரெய்லரா இல்லாததா என்று முடிவு செய்துவிடுங்கள். எந்தக் கார் என்பது அதற்குப் பிறகுதான்.

மீதி முந்நூற்றைம்பது நாள்

சரி, என் கார் உயிரை எடுத்த கதை. வேலைக்குப் போகும் தூரம் மூன்று மைல். பிள்ளைகளின் பள்ளி ஒன்றரை மைல். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி, ஞாயிற்றுக்கிழமை மளிகை. எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். அந்த வகை ஓட்டத்துக்கு டீசலைப் போலப் பொருத்தமில்லாத எஞ்சின் வேறில்லை.

காரணம் டிபிஎஃப் என்கிற புகைக்கரி வடிகட்டி. எஞ்சின் கக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது புகைக்குழாயின் சூட்டிலேயே அந்தக் கரி மெல்ல எரிந்துபோகும். ஊருக்குள் மட்டும் ஓடினால் அந்தச் சூடு வராது. வடிகட்டி நிறைய ஆரம்பித்ததும் காரின் கணினி கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடாக்கிக் கரியை எரிக்கப் பார்க்கும். அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடமாவது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாமோ ஐந்தாவது நிமிடத்தில் பள்ளி வாசலில் சாவியை அணைத்துவிடுவோம். எரியாத டீசலில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும்! டிப்ஸ்டிக்கைப் பார்த்து “ஆஹா, இந்தக் கார் ஆயிலே குடிப்பதில்லை” என்று மகிழ்ந்தவன் நான்.

மஞ்சள் விளக்கு எரிந்தபோதெல்லாம் இரவில் மோட்டார்வேயில் ஏறி, எந்த வேலையும் இல்லாமல் இருபது நிமிடம் போய்த் திரும்பி வந்திருக்கிறேன். மிச்சம் பிடித்த டீசலெல்லாம் அதிலேயே போனது. வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று யோசனை சொல்ல ஆள் கிடைக்கும், கேட்காதீர்கள். 2014 பிப்ரவரியிலிருந்து, டிபிஎஃப் இருக்க வேண்டிய காரில் அது இல்லை என்றால் எம்.ஓ.டி. என்கிற வருடாந்திர வாகனப் பரிசோதனையில் தேறாது.

ஆகவே கார் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி ட்ரெய்லரைப் பற்றியதே அல்ல. வாரத்தில் ஒரு தடவையாவது இருபது முப்பது மைல் நெடுஞ்சாலை ஓட்டம் இருக்கிறதா? இருந்தால் டீசல் இன்னும் அருமையான தேர்வு. ட்ரெய்லரோடு மேடேறும்போதுகூட அலட்டிக்கொள்ளாது. இல்லையென்றால் டர்போ பெட்ரோலைப் பாருங்கள். ட்ரெய்லர் மாட்டிய நாளில் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகக் குடிக்கும். ஏழெட்டு நாள்தானே, குடிக்கட்டும்.

டீசல்தான் என்று முடிவானால் அது யூரோ 6 என்கிற புகை மாசுத் தரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2015 செப்டம்பரிலிருந்து புதிதாகப் பதிவான கார்கள் பொதுவாக அந்தத் தரம்தான், அதற்கு முன்பு பதிவானவற்றிலும் சில உண்டு. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் மாநகரின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகளும்) யூலெஸ் என்கிற குறைந்த மாசு மண்டலத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன. யூரோ 6 இல்லாத டீசலுக்கு ஒரு நாளைக்கு 12.50 பவுண்ட். பர்மிங்காமின் நகர மையத்திலும் இதே போன்ற கட்டணம் உண்டு. மலிவாகக் கிடைக்கும் பழைய டீசல் ஏன் அவ்வளவு மலிவு என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது.

கிளட்ச்சை யாரும் விசாரிப்பதில்லை

பழைய டீசலில் மைல் கணக்கையும் சர்வீஸ் புத்தகத்தையும் பார்ப்பவர்கள் கிளட்ச்சைப் பார்ப்பதில்லை. முந்தைய சொந்தக்காரர் கேரவன் இழுத்தவராக இருக்கலாம், டோபாரைக் கழற்றிவிட்டு விற்கலாம். பம்பருக்கு அடியில் குனிந்து, கழற்றிய தடமோ ஒயர் துண்டோ இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஓட்டிப் பார்க்கும்போது நாலாவது கியரில், குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சுற்று விர்ரென்று ஏறி, வண்டி வேகம் அதோடு சேர்ந்து ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. சும்மா நிற்கும்போது ‘கடகட’ ஓசை கேட்டு, கிளட்ச்சை மிதித்தாலோ விட்டாலோ அது மாறினால், உள்ளே எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை எடை ஃப்ளைவீல் என்கிற சக்கரம் தேய்ந்திருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கித்தான் அதை மாற்ற வேண்டும் என்பதால் சின்ன டீசலின் மிச்ச மதிப்பையே அது தின்றுவிடும்.

கிளட்ச்சைக் கொல்வது மேடேறுவதைவிட, ட்ரெய்லரை வீட்டு வாசல் ஏற்றத்தில் பின்பக்கமாகத் தள்ளுவதுதான். ரிவர்ஸில் அங்குலம் அங்குலமாக, பாதிக் கிளட்ச்சில், பத்து நிமிடம். மூக்கில் வாசனை ஏறினால் நிறுத்துங்கள். சின்ன ட்ரெய்லர்தானே, கழற்றிக் கையால் தள்ளி உள்ளே விடலாம். இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கில், குறிப்பாக ஆயிலில் ஊறாத உலர் கிளட்ச் ரகத்தில், இந்த ஊர்தல் இன்னும் கெடுதல். இழுவைக்கென்றால் நான் அதைத் தவிர்ப்பேன்.

டோபாரில் மிச்சம் பிடிப்பது அடுத்த தவறு. 1998 ஆகஸ்ட் 1க்குப் பிறகு பதிவான கார்களுக்கு அந்த மாடலுக்கென்று அங்கீகாரம் பெற்ற டோபார்தான் பொருத்தலாம், அதற்கான எண் அதன் மேல் ஒட்டியிருக்கும். இரும்பைவிட ஒயரிங்தான் தொல்லை. இன்றைய கார்களில் பின் விளக்குகளையும் கணினி கண்காணிக்கிறது. விளக்கு ஒயரில் நேரே வெட்டி ஒட்டினால் டேஷ்போர்டில் தீபாவளிதான். காருக்கென்றே வரும் ஒயரிங் கிட் கொஞ்சம் விலை கூட. ஆனால் அதைப் பொருத்திக் கணினிக்கும் தெரிவித்துவிட்டால், வசதி உள்ள கார்களில் ட்ரெய்லர் ஆட்டத்தை அடக்கும் நிலைப்படுத்தும் முறையும் வேலை செய்யும், பின்புற பார்க்கிங் சென்சாரும் ட்ரெய்லரைப் பார்த்துக் கத்தாது. விளக்கு ஒயரைச் செருகும் இடம் காரில் 13 பின், ட்ரெய்லரில் 7 பின் என்றால் அடாப்டர் ஒன்று போதும். டோபார் மாட்டியதை இன்சூரன்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். ட்ரெய்லருக்குப் பின்னால் காரின் எண்ணோடு மஞ்சள் நம்பர் பிளேட் வேண்டும்.

மோர்க் கேன் கதை

சரியான காராக இருந்தாலும் ஏற்றும் விதம் தப்பானால் என்ன ஆகும் என்பதை ஒரு தேர் நாளன்று கற்றுக்கொண்டேன். இருபது லிட்டர் மோர்க் கேன்கள் பதினாறு, ஒரு கூடாரம், இரண்டு மேசை. மொத்த எடை வரம்புக்குள்தான். இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று கேன்களையெல்லாம் ட்ரெய்லரின் பின்கதவை ஒட்டி அடுக்கினேன். நடுவில் தடுப்புள்ள இரட்டைச் சாலையில் நாங்கள் 55 மைல் வேகத்தில் போகும்போது ஒரு லாரி எங்களைத் தாண்டியது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் இடமும் வலமும் ஆட ஆரம்பித்து, காரின் வாலையும் சேர்த்து ஆட்டியது. பக்கத்தில் இருந்த மாமா முருகா முருகா என்றார். நல்ல வேளை, பிரேக்கை அழுத்தவில்லை. காலை எடுத்தேன், ஸ்டியரிங்கை நேரே பிடித்தேன், வேகம் இறங்கியதும் அடங்கியது.

குறை என்னவென்றால் கொக்கியின் மேல் அழுத்தமே இல்லை. ட்ரெய்லரின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் டோபார் உருண்டையின் மேல் இறங்க வேண்டும். 500 கிலோ ட்ரெய்லருக்கு 25 முதல் 35 கிலோ. கனமானதை அச்சுக்கு மேலே, ஒரு துளி முன்னால் வைத்தால் அது தானாக வரும். அதற்காக முன்னாலேயே எல்லாவற்றையும் குவிக்கவும் கூடாது. உருண்டை தாங்கும் எடைக்கும் காருக்குக் கார் ஒரு வரம்பு உண்டு, சின்னக் கார்களில் பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள். குளியலறைத் தராசும் ஒரு கட்டையும் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். வேகமும் நினைவிருக்கட்டும்: ட்ரெய்லரோடு ஒற்றைச் சாலையில் 50 மைல், இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்று தடம் உள்ள மோட்டார்வேயில் வலது ஓரத் தடத்துக்குப் போகக் கூடாது.

டீசலை விற்று இப்போது இரண்டு வருடம். வந்திருப்பது டர்போ பெட்ரோல். தகட்டின் இரண்டாவது வரியைப் படித்த பிறகுதான் விலை பேசினேன். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் ட்ரெய்லர் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்வது வேறு. அவர்கள் டோபாருக்கும், ட்ரெய்லருக்கும், அதை நிறுத்தும் இடத்துக்கும் ஆகும் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு, ஒரு நாள் வேன் வாடகையை விசாரிக்கலாம். எந்த வேனானாலும், கேன்களைப் பின்கதவை ஒட்டி அடுக்க மாட்டேன் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.