பாத்திரம் துலக்கும்போதே ஜெபிப்பது எப்படி

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரில், கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் மடத்தில் சமையல் வேலை பார்த்தவர் சகோதரர் லாரன்ஸ். அடுப்படியிலும் கடவுளோடு பேசிக்கொண்டே இருந்தார். நாமும் அங்கேயே தொடங்கலாம்.

தினமும் செய்யும் ஒரே ஒரு வேலையை எடுங்கள். பாத்திரம் துலக்குவது நல்லது. 10 நிமிடம், கைக்கு மட்டும்தான் வேலை. போனை வேறு அறையில் வையுங்கள். குழாயைத் திறக்குமுன், "ஆண்டவரே, இந்த வேலை உமக்கு" என்று சொல்லுங்கள். பிறகு மூச்சை இழுக்கும்போது "இயேசுவே", விடும்போது "என்மேல் இரங்கும்". மூச்சு இயல்பாக இருக்கட்டும். வலிந்து ஆழமாக இழுத்தால் தலை சுற்றும். தண்ணீரின் குளிர்ச்சி, விரலில் வழுக்கும் சோப்பு, அடிப்பிடித்த பால் மெல்லப் பெயர்ந்து வருவது, எல்லாவற்றையும் கவனியுங்கள். அவர் சந்நிதி அங்கேயும் உண்டு.

மனம் ஓடும். இரண்டாவது தட்டிலேயே பிள்ளையின் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும். ஜெபம் கெட்டுவிட்டது என்று பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். கெடவில்லை. "அப்பா, அந்தக் கட்டணத்தை நீர் பார்த்துக்கொள்ளும்" என்று ஒரே வரியில் ஒப்புக்கொடுத்துவிட்டுக் கையிலிருக்கும் தட்டுக்குத் திரும்புங்கள். 50 முறை ஓடினால் 50 முறையும் திரும்புங்கள். உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், அதுவும் கவனத்தை இழுத்துக்கொண்டு போகும்.

"நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்" (மத்தேயு 6:34) என்றால் திட்டமே போடக்கூடாது என்று பொருளல்ல. கட்டணத்துக்கு வழி தேட, மாலையில் 15 நிமிடம் தாளும் பேனாவுமாக உட்காருங்கள்.

முதல் நாளே நாள் முழுக்க முயன்றால் சீக்கிரம் சலித்துவிடும். ஒரு மாதம் பாத்திரம் மட்டும். பிறகு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.