ரோம் மேல் படையெடுக்கும் முன்: ‘ரோம்: டோட்டல் வார்’ உள்நாட்டுப் போரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ரோம்: டோட்டல் வார்’ பண்டைய ரோமானியக் குடும்பம் ஒன்றை நடத்தி நாடு பிடிக்கிற கணினி ஆட்டம், 2004இல் வந்தது. 2018 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. அதனால் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அதற்கு இன்னும் ஆள் இருக்கிறது. பொள்ளாச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கார்த்தேஜை முற்றுகை போடுகிற பையன்களைப் பார்க்கலாம். காலியா (இன்றைய பிரான்ஸ் பக்கம்), கிரீஸ் எல்லாம் மளமளவென்று பிடித்துவிடுவார்கள். ரோமானியனோடு ரோமானியன் மோத ஆரம்பித்ததும்தான் முழி பிதுங்கும்.

கணக்கு இதுதான். ஜூலி, புரூட்டி, ஸ்கிப்பி என்ற மூன்று குடும்பங்களில் ஒன்று உங்களுடையது. ரோமின் ஆட்சி மன்றமான செனட்டைக் கணினியே ஆடும், அதற்கு ரோம் ஒன்றே ஊர். செனட்டிடம் உங்களுக்கு எவ்வளவு மதிப்பு, மக்களிடம் எவ்வளவு மதிப்பு என்று இரண்டு அளவுகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஊர்களைப் பிடிக்கப் பிடிக்க மக்களிடம் பெயர் ஏறும், செனட்டுக்கு வயிறு எரியும். கடைசியில் ஒன்று, மக்கள் உங்கள் பக்கம் நிற்கிறார்கள், ரோம் மேல் போகலாம் என்று சேதி வரும். இல்லை, உங்கள் குடும்பத் தலைவர் தற்கொலை செய்துகொள்ள வேண்டும் என்று செனட்டிலிருந்து ஆணை வரும். மறுத்தால் செனட்டும் மற்ற இரண்டு குடும்பங்களும் ஒரே நாளில் பகையாளி.

பலரும் அந்த ஆணை வரும்வரை செனட் கொடுக்கும் மிஷன்களை ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் பெரிய தவறு இதுதான். நாள் குறிக்கிற வேலையை எதிராளியிடம் விட்டால், உங்கள் படை எங்கேயோ பாலைவனத்தில் நிற்கும்போதுதான் ஓலை வரும். மக்கள் மதிப்பு உயரத் தொடங்கியதும் அடுத்த பத்து டர்னுக்கு (உங்கள் முறை பத்து வரும்வரை) இத்தாலியைச் சுற்றியே யோசியுங்கள். அதற்குள் ஆணை வந்துவிட்டால் வீராப்புக்காக மறுக்காதீர்கள். தலைவர் கிழவராக இருந்து வாரிசு நல்ல ஜெனரலாக இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். செனட் மறுபடி கேட்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, அவ்வளவுதான்.

மொபைல் கடையில் ஒரு பையன் போனை நீட்டினான். “ஏனுங்ணா, ரோமைச் சுத்தி நின்னுட்டனுங். புடிச்சுட்டா ஜெயிச்ச மாதிரிதானுங்?” அவன் ஆடியது ஜூலி. ஒரு படை அலேசியாவில், இன்னொன்று மசிலியாவுக்கு அந்தப் பக்கம், இரண்டும் தூரத்துக் காலியாவில். ரோம் வாசலில் நின்றது ஹஸ்தாட்டி என்ற பழைய ரகக் காலாட்படை ஒன்று, அதுவும் பாதி அழிந்தது. இத்தாலியில் உள்ள அர்ரேஷியத்தில் போன டர்னில்தான் பேரரண்மனை கட்டி முடித்திருக்கிறான். “சேவ் பண்ணியிருக்கறயா தம்பி?” என்றுதான் கேட்க முடிந்தது.

அந்த அரண்மனை என்ன செய்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. மக்கள்தொகை 24,000 தாண்டிய இத்தாலிய ஊரில் அது எழுந்தால் மாரியஸ் சீர்திருத்தம் என்ற படை மாற்றம் வரும். யார் கட்டினாலும் வரும், மற்ற குடும்பங்கள் கட்டினாலும் சேர்த்துத்தான். அதன்பிறகு ஹஸ்தாட்டி, பிரின்சிப்பஸ், டிரையாரி என்ற பழைய காலாட்படைகளைப் புதிதாக எடுக்க முடியாது. அடிபட்டவற்றை ரீட்ரெயின் செய்து நிரப்பவும் முடியாது. சீர்திருத்தம் வந்ததும் சில டர்ன் பொறுத்து லீஜியனரி கோஹோர்ட் என்ற புதிய காலாட்படைகளைச் சேர்த்துக்கொண்டு கிளம்புவதே புத்தி. பிரிடோரியன், அர்பன் கோஹோர்ட் என்ற உயர்ரகப் படைகள் இரண்டும் இத்தாலி ஊர்களில் மட்டுமே கிடைக்கும். ஆகவே உங்கள் கையில் உள்ள இத்தாலி ஊர்களின் படைக்கூடங்களை முன்கூட்டியே பெரிதாக்கி வைப்பது, காலியாவில் இன்னும் இரண்டு ஊர் பிடிப்பதைவிட லாபம்.

சீசரைப் பார்த்துக் காப்பியடிப்பதும் ஆகாது. கி.மு. 49இல் அவர் ஒரே ஒரு லீஜியன் படையோடு ரூபிகான் ஆற்றைத் தாண்டி அரிமினம் ஊரைப் பிடித்தார். அவரை எதிர்த்த தளபதி பொம்பேயுஸ் ரோமை விட்டே போய்விட்டார். ஆட்டத்தில் செனட் ஓடாது. இருபது பிரிவுகள் நிரம்பிய படையோடு அங்கேயே உட்கார்ந்திருக்கும். (அந்தக் கலகங்களின் முடிவில் ஜெயித்த அகஸ்டஸின் வெள்ளிக் காசுகள் நம் வெள்ளலூரில் கிடைத்திருக்கின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த வியாபாரப் பணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.)

செனட் நண்பனாக இருக்கும்போதே ரோமுக்குள் இரண்டு மூன்று ஒற்றர்களை விட்டுவைக்க வேண்டும். உள்ளே எத்தனை பேர் என்பது தெரியும், தாக்கும் நாளில் கதவு திறந்து கிடக்கவும் வாய்ப்பு உண்டு. கூடவே ஓனேஜர் என்ற கல்லெறி இயந்திரம் வைத்திருந்தால் முற்றுகைக் கருவி கட்டக் காத்திருக்காமல் அதே டர்னில் மதிலை உடைக்கலாம். இரண்டும் இல்லாமல் வெளியே நின்றால், மற்ற குடும்பங்களின் படைகள் முதுகுப்பக்கம் வந்து சேரும்.

ஊர் விழுந்ததும் ‘எல்லோரையும் வெட்டு’ என்ற பட்டனை அழுத்துகிறவர்களை என்ன சொல்வது! பழக்கதோஷம். அன்னிய ஊர்களில் கலகம் அடங்க அது உதவும். ரோமானிய ஊரில் கலாச்சார வேறுபாட்டால் வரும் அதிருப்தியே கிடையாது, கட்டடங்கள் எல்லாம் உங்களுக்கு அப்படியே பயன்படும். சும்மா ஆக்கிரமித்தால் போதும். வரி கட்ட ஆள் இருக்க வேண்டாமா?

கடலையும் மறந்துவிடாதீர்கள். ரோமோடு செனட் முடிந்தாலும் ஸ்கிப்பி, புரூட்டி கப்பல்கள் உங்கள் துறைமுகங்களை அடைத்தால் வியாபார வருமானம் படுத்துவிடும். போருக்கு முன்பே கொஞ்சம் கப்பலும் கஜானாவில் கனமான பணமும் இருக்கட்டும். அந்தப் பணத்தோடு ஒரு தூதரை அனுப்பி எதிர்க் குடும்பத்தின் படையை விலைக்கு வாங்கினால், நீங்களும் எடுக்கக்கூடிய ரோமானியப் பிரிவுகள் என்பதால் கலையாமல் உங்களிடமே சேரும்.

பெரிய கேம்பைன் (நீண்ட ஆட்டம்) முடிய ரோமோடு சேர்த்து 50 மாகாணம் வேண்டும், அந்தப் பையனுக்கு இன்னும் பாதி வழிகூட ஆகவில்லை. 15 மாகாணக் குறும் கேம்பைன் ஆடுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி தேவையே இல்லை. செனட்டைத் தாஜா செய்துகொண்டே முடித்துவிடலாம்.