பெட்ரோல் டேங்க் மூடி கசிகிறதா? பசையை எடுக்கும் முன் ஒரு நிமிடம்

பைக்குக்கு ஆசையாகச் செய்த கஸ்டம் டேங்க். முதல் தடவை பெட்ரோல் நிறையப் போட்டுக்கொண்டு கிளம்புகிறோம். சடாரென்று பிரேக் பிடித்ததும் மூடியின் ஓரத்திலிருந்து மெல்லிய கோடு ஒன்று புது பெயின்ட் மேல் இறங்குகிறது. வயிறு எரியும். கை உடனே சிலிக்கான் பசையைத் தேடும்.

நானும் அதைத்தான் எடுத்தேன். மூடியின் உள்பக்கம் வளையமாகத் தடவிக் காயவிட்டேன். இரண்டு நாள் ஒரு சொட்டுகூட வரவில்லை. நான்காம் நாள் மூடியைத் திறந்தால் அந்த வளையம் ஊறிப் பெருத்து, ஜவ்வு போல விரலோடு வந்தது. ஒரு துண்டைக் காணவில்லை, டேங்குக்குள் விழுந்திருந்தது. சாதாரண சிலிக்கான் தண்ணீரைத் தடுக்கும், பெட்ரோலைத் தடுக்காது. பெட்ரோலைக் குடித்து ஊதிப் பிடிப்பை விட்டுவிடும். உதிர்ந்த துண்டு பெட்ரோல் காக்கின் (டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயின்) வடிகட்டியில் போய் அடைக்கும்.

மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதும் வேண்டாம். பெட்ரோல் அதைக் கரைக்காதுதான். ஆனால் கசிவைத் தடுப்பது மரை அல்ல, கேஸ்கெட் (மூடியின் அடியிலுள்ள ரப்பர் வளையம்) உட்காரும் விளிம்பு. மூடியைத் திருகும்போதெல்லாம் டேப் பிசிறு பிசிறாகக் கிழிந்து உள்ளே விழும், அவ்வளவுதான் பலன்.

சரி, கேஸ்கெட்டை மாற்றலாம் என்று பழைய டியூபை வெட்டிப் போடுபவர்கள் உண்டு. அந்த ரப்பரும் பெட்ரோலில் ஊதும். நைட்ரைல் ரப்பர் தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் போடுகிறீர்கள் என்றால் விட்டான் (Viton) என்ற ரப்பர் இன்னும் நல்லது. கடையில் சொன்னதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு துண்டை வெட்டி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பெட்ரோல் ஊற்றி இரண்டு நாள் போட்டு வையுங்கள். எடுத்து மீதித் துண்டோடு வைத்துப் பாருங்கள். பெருத்திருந்தாலும் கொழகொழப்பாக இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

இத்தனை செய்தும் கசிந்தால், டேங்கின் வாயைப் பாருங்கள். கஸ்டம் டேங்கில் பெரும்பாலும் இங்கேதான் கோளாறு. கழுத்து வளையத்தை வெல்டிங் செய்யும் சூட்டில் அது லேசாகக் கோணிவிடும். கண்ணுக்குத் தெரியாது. விளிம்பு முழுக்க மார்க்கர் பேனாவால் கறுப்படியுங்கள். தட்டையான கண்ணாடித் துண்டில் எமரி பேப்பரை ஒட்டி, விளிம்பின் மேல் வைத்து வட்டமாக இரண்டு சுற்று தேயுங்கள். எங்கே கறுப்பு போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம். கறுப்பு முழுக்கப் போகும்வரை நிதானமாகத் தேய்த்தால் விளிம்பு சமமாகிவிடும். டேங்கைக் காலிசெய்து கழுவி உலர்த்திய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும், அதுவும் கையால். கிரைண்டர் கூடவே கூடாது. தூள் உள்ளே விழாமல் வாயில் துணி அடைத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் பெயின்ட் ஏறியிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பெட்ரோல் பட்டு இளகி உரியும் பெயின்ட் மேல் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது.

மூடியை முறுக்கி முறுக்கி இறுக்குவதும் தீர்வல்ல. கேஸ்கெட் நசுங்கி, பிறகு எழும்பவே எழும்பாது.

எனக்கு மிகவும் பயம் தரும் தவறு வேறு: மூடியிலுள்ள காற்றுத் துளையை அடைப்பது. கசிவு அந்தத் துளை வழியாக வருவதைப் பார்த்து எபாக்சி பசை வைத்து மூடிவிடுகிறார்கள். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரத்தில் எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும், ஓடும் சாலையின் நடுவில். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும். காரணம் அதுதான் என்பதற்கு அதுவே சாட்சி. வெயிலில் நிறுத்தினாலோ நேர்மாறாக ஆவி அழுத்தம் ஏறும். துளை வழியாகத் தளும்புகிறது என்றால், காற்றை உள்ளே விட்டுப் பெட்ரோலை வெளியே விடாத வால்வு உள்ள மூடியாக மாற்றுங்கள்.

அப்புறம், கழுத்து வரை நிரப்பாதீர்கள். ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் பெட்ரோல் சுமார் 0.1 சதவீதம் விரியும். 15 லிட்டர் டேங்க் 20 டிகிரி சூடானால் ஏறக்குறைய 300 மில்லி கூடும். அதற்கு இடமில்லாவிட்டால் எவ்வளவு நல்ல மூடியும் ஒழுகத்தான் செய்யும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது இன்னும் சீக்கிரம்.

சில சமயம் மூடி மேல் பழியே இருக்காது. கழுத்தைச் சுற்றித் துடைத்து முகப்பவுடர் தூவிவிட்டு, சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். ஈரம் மூடியின் அடியில் தொடங்காமல் வெல்டிங் கோட்டில் தொடங்கினால் அங்கே ஊசித் துளை இருக்கிறது. அதை அடைக்க வேண்டியது வெல்டிங்தான், ஆனால் நீங்கள் அல்ல. பெட்ரோலை வெளியே ஊற்றிவிட்டதால் டேங்க் காலி என்று நினைக்காதீர்கள். மிச்சமிருக்கும் ஆவி ஒரு பொறியில் வெடிக்கும். ஆவியை முழுக்க வெளியேற்றத் தெரிந்த, டேங்க் வேலையே செய்பவரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது இதில் பெட்ரோல் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.