குதிரைக்கும் மனிதனுக்கும் ஒரே புட்டி: பழைய மருந்து விளம்பரங்களைப் படிப்பவர்கள் செய்யும் தவறுகள்

சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய அமெரிக்க விளம்பர அட்டையைத் தமிழாக்கியபோது, அதிலிருந்த மருந்தின் பெயரை ‘வியாபாரியின் வாய் கொப்பளிக்கும் எண்ணெய்’ என்று எழுதிவிட்டேன். ஒரே பெயரில் இரண்டு தப்பு. மெர்ச்சன்ட் என்பது வியாபாரி அல்ல, ஜார்ஜ் டபிள்யூ. மெர்ச்சன்ட் என்ற ஆள். நியூயார்க் மாநிலத்தில் ஈரி கால்வாயை ஒட்டிய லாக்போர்ட் ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். 1833இல் அவர் விற்கத் தொடங்கிய ‘கார்கிளிங் ஆயில்’ கொப்பளிக்கிற சரக்கும் அல்ல, தோலில் தேய்க்கிற தைலம். கால்வாய்ப் படகுகளை அந்தக் காலத்தில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும்தான் கரையோரமாக நடந்து இழுத்தன. கழுத்துப்பட்டை உரசிய புண்ணுக்கும் காலில் பிடித்த சுளுக்குக்கும் ஒரு தைலம் இருந்தால் அந்த ஊரில் விற்காமல் என்ன செய்யும்?

அந்த அட்டையில் ஒரு குரங்கு நிற்கும். டார்வினுக்கு நான் தாத்தா என்றால், மனிதனுக்கும் மிருகத்துக்கும் நல்லதாக இருக்கும் சரக்கு எனக்கு இரட்டிப்பு நல்லதுதானே என்று அது பாட்டுப் பாடும். ‘மனிதனுக்கும் மிருகத்துக்கும்’ என்ற இந்த வாசகத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டு, அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு ஏமாளிகள் என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

மருந்தை வாங்கியவர் யார் என்று பாருங்கள். வண்டிக்காரர், குடியானவர், லாயக்காரர். குதிரை நொண்டினால் அன்றைய கூலி போச்சு. தன் இடுப்பு பிடித்துக்கொண்டாலும் அதே கதைதான். டர்பன்டைன், கற்பூரம், மிளகாய்ச் சத்து போன்றவற்றைத் தோலில் தேய்த்தால் அந்த இடம் சூடாகும், எரியும். உள்ளே இருக்கும் வலி கொஞ்ச நேரம் மறந்துபோகும். இந்த வேலைக்குக் குதிரைத் தோல் என்ன, மனிதத் தோல் என்ன? இங்கிலாந்தில் ஸ்லவ் ஊரிலிருந்து 1847 முதல் விற்ற எல்லிமன் தைலத்தில் முக்கியமாக இருந்தவை முட்டை, டர்பன்டைன், வினிகர். குதிரைக்கு ‘ராயல்’, மனிதனுக்கு ‘யூனிவர்சல்’ என்று இரண்டு பெயர்களில் போட்டார்கள். மெர்ச்சன்டின் ஆட்களோ உறையின் நிறத்தை மாற்றினார்கள்: மிருகத்துக்கு மஞ்சள், மனிதனுக்கு வெள்ளை. நம்மூர்க் கடைகளில் ‘ஸ்லோன்ஸ்’ என்று கேட்டு வாங்கிய தைலத்தின் பூர்வீகமும் குதிரை லாயம்தான். ஓஹையோவில் சேணம் தைத்துக்கொண்டு, தானே கற்ற மாட்டு வைத்தியமும் பார்த்துவந்த ஆண்ட்ரூ ஸ்லோன் காய்ச்சியதை அவர் மகன் ஏர்ல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்.

வெளியே தேய்ப்பதற்கு இந்தக் கணக்கு சரி. உள்ளே சாப்பிடுவதற்கும் அதே கணக்கைப் போட்டால்தான் வினை. 2021இல் கொரோனாவுக்கு என்று சொல்லி அமெரிக்காவில் சிலர் குதிரைக்கான ஐவர்மெக்டின் பசையை வாங்கிச் சாப்பிட்டார்கள். ‘நீங்கள் குதிரை இல்லை, மாடும் இல்லை’ என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே சொல்ல வேண்டி வந்தது. ஐவர்மெக்டின் மனிதர்களுக்கும் கொடுக்கிற நல்ல ஒட்டுண்ணி மருந்துதான். 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. ஆனால் வழக்கமான ஒரு பசைக் குழாய் சுமார் 567 கிலோ எடையுள்ள குதிரைக்கு அளந்தது. அதிலுள்ள மருந்து சுமார் 113 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் குடற்புழுவுக்கு ஒரு வேளைக்குத் தருவது 12 மில்லிகிராம். ஒன்பது பேர் பங்கை ஒரே ஆள் விழுங்கலாமா?

அடுத்தது, ‘எல்லாமே பித்தலாட்டம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிடுவது. செம்மறியாட்டுச் சொறியை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் ஒரு நுண்பூச்சி தோலின் மேல் இருந்துகொண்டு அரிக்கும், ஆடு வேலியில் உரசி உரசிக் கம்பளியைப் பிய்த்துக்கொள்ளும், மெலிந்து சாகும். தாரையும் பழைய வெண்ணெயையும் குழைத்துப் பூசுவது ஸ்காட்லாந்து மேய்ப்பர்களின் வழக்கம். ஆட்டைப் பெஞ்சில் கிடத்தி, நாம் தலைமுடிக்கு வகிடு எடுப்பதுபோல் கம்பளியில் வரிவரியாக வகிடு பிரித்து, ஒவ்வொரு வகிட்டிலும் விரலால் தார் தடவிக்கொண்டு போக வேண்டும். ஒரு மந்தைக்கே இப்படி! அத்தனையும் செய்த பிறகு கம்பளி கறுத்துப்போய் விலை இறங்கும்.

இங்கிலாந்தில் பெர்க்கம்ஸ்டட் ஊரிலிருந்த கால்நடை வைத்தியர் வில்லியம் கூப்பர், 1852இல் பாஷாணமும் (ஆர்சனிக்) கந்தகமும் சேர்ந்த ஒரு பொடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, ஆட்டை முக்கி எடுத்தால் போதும். கம்பளியும் வெள்ளையாகவே இருக்கும். இந்த மருந்துக் குளியல் உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் ஒரு தடவை முக்கினால் பூச்சி சாகும், முட்டை பிழைக்கும். 10 முதல் 14 நாள் கழித்து, முட்டை பொரிந்து வந்த குஞ்சுகளுக்காக இன்னொரு தடவை முக்க வேண்டும். அதைச் செய்யாதவர்கள் மருந்தைத் திட்டினார்கள். பின்னாளில் சட்டமே போட்டு எல்லா ஆடுகளையும் முக்க வைத்துத்தான் 1952இல் பிரிட்டன் சொறியை ஒழித்தது; 1973இல் அது திரும்ப வந்தது வேறு கதை.

ஆகவே ஒரு விளம்பரம் மெய்யா பொய்யா என்று கேட்பதற்கு முன், அந்த ஒட்டுண்ணி எங்கே குடியிருக்கிறது என்று கேளுங்கள். தோலில் என்றால் மருந்து அதைத் தொடும். ஈரலில் இருக்கும் தட்டைப்புழு என்றால் அந்தக் காலத்துச் சரக்கு எதுவும் பெரிதாகப் பலிக்கவில்லை. 1879–80இன் ஈரமான பருவங்களில் பிரிட்டனில் ஏறக்குறைய 30 லட்சம் ஆடுகள் அதனால் செத்தன. அந்தப் புழு சேற்று நத்தைக்குள் பாதி வாழ்க்கை நடத்துகிறது என்பது தெளிவானது 1880களின் தொடக்கத்தில்தான். நத்தை இருக்கும் ஈரப் புல்வெளியை விட்டு மந்தையை ஓட்டியிருந்தால் எந்தப் புட்டியையும்விட அதிகம் பிழைத்திருக்கும்.

பாஷாணம் என்றதும் விஷம், மனிதர்கள் பக்கத்திலேயே போயிருக்க மாட்டார்கள் என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1786இல் வந்த ஃபவுலர் கரைசல் என்பது 1 சதவீதப் பாஷாண உப்புத் தண்ணீர்தான். காய்ச்சலுக்கும் தோல் நோய்க்கும் டாக்டர்களே சொட்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள். குதிரையின் ரோமம் பளபளக்க லாயக்காரர்களும் கொடுத்தார்கள். பச்சைத் தண்ணீர் என்று யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே அதில் லாவெண்டர் வாசனை சேர்த்தார் ஃபவுலர். 1851இல் பிரிட்டிஷ் சட்டம், சில்லறையாக விற்கும் பாஷாணத்தில் கரியோ நீலமோ கலக்கச் சொன்னது. அப்படியும் 1858இல் பிராட்ஃபோர்டு சந்தையில், மிட்டாயில் கலப்படத்துக்கு என்று வாங்கிய வெள்ளைப் பொடி பாஷாணமாகப் போய், சுமார் 20 பேர் இறந்தார்கள். ஆட்டுக் குளியல் மருந்து செய்த தொழிற்சாலை ஆட்களிடம் தோல், நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக இருந்ததை மருத்துவப் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் எழுதியது 1948இல். அதற்குள் கூப்பர் பொடி விற்கத் தொடங்கி ஒரு நூற்றாண்டு ஆகப்போகிறது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ‘இயற்கைச் சரக்கு, தாத்தா காலத்து வைத்தியம், ஒன்றும் செய்யாது’ என்று வீட்டில் முயன்று பார்ப்பது. சான்டோனின் என்பது மத்திய ஆசியாவின் ஒரு மாசிப்பத்திரி இனப் பூமொட்டிலிருந்து 1830இல் பிரித்தெடுத்தது. குழந்தை வயிற்றின் உருண்டைப்புழுவை நன்றாகவே வெளியேற்றும். மிட்டாய் வடிவில் விற்றார்கள். அளவு கொஞ்சம் கூடினால் வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரியும். இன்னும் கூடினால் வலிப்பு, சாவு. அதைத் தின்ற குழந்தைக்கு அது மருந்து அல்ல, மிட்டாய். டப்பா கைக்கெட்டினால் எண்ணிக்கொண்டா தின்னும்?

நம் மொழியிலும் இந்த ஆபத்து ஒளிந்திருக்கிறது. ‘பூச்சி மருந்து’ என்கிறோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குக் கொடுப்பதும் அதுதான், வயலுக்கு அடிப்பதும் அதுதான். பழைய ஆங்கில விளம்பரங்களைத் தமிழாக்கும்போது இந்தச் சொல்லைப் போட்டால் எது உள்ளுக்கு, எது மேலுக்கு என்று தெரியாமல் போகும். ‘குடற்புழு மருந்து’, ‘உண்ணி மருந்து’ என்று பிரித்து எழுதுங்கள்.

பூச்சி என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிட்ஸ்பர்க்கிலிருந்து விற்ற மக்லேன் குடற்புழு மருந்தின் விளம்பரம், முகம் வெளிறுதல், மூக்கு அரிப்பு, தூக்கத்தில் பல் கடித்தல் என்று அடுக்கிக்கொண்டே போகும். எந்தக் குழந்தையிடம் இவற்றில் ஒன்றுகூட இருக்காது? பிள்ளை பல்லைக் கடித்தால் ‘வயித்துல பூச்சி’ என்று நம் வீட்டுப் பெரியவர்களும்தான் சொன்னார்கள். எனவே அந்தப் பட்டியலை வைத்து அந்தக் காலத்துக் குழந்தைகளில் இத்தனை பேருக்குப் புழு இருந்தது என்று எழுதாதீர்கள். அது விற்பனைப் பட்டியல்.

லேபிளைப் படிப்பதில் வரும் தவறுகள் ஏராளம். ‘பேட்டன்ட் மருந்து’ என்றால் காப்புரிமை பெற்றது என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலானவை பெறவே இல்லை. காப்புரிமை வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். ரகசியம்தான் அவர்களுக்கு மூலதனம். பெயரையும் படத்தையும் மட்டும் பதிவுசெய்துகொண்டார்கள். பிரிட்டனில் 1783 முதல் 1941 வரை இந்த மருந்துகளுக்கு வரி முத்திரை ஒட்ட வேண்டியிருந்தது. வரி கட்டியாயிற்று என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் ராஜாங்க முத்திரை இருக்கிறதே, சர்க்காரே பார்த்து ஒப்புக்கொண்டதாக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள். (சத்துமாவுப் பாக்கெட்டில் உரிம எண்ணைக் காட்டி ‘அரசு அங்கீகாரம்’ என்று இன்றும் வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதேதான்.) அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு, மதுவோ மார்ஃபினோ இருந்தால் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பல் முளைக்கும் குழந்தைகளுக்கு என்று விற்ற வின்ஸ்லோ சிரப்பில் மார்ஃபின் இருந்தது. லேபிளில் இல்லாததால் புட்டியில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

நற்சாட்சிக் கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குணமானவர்கள் எழுதுவார்கள், செத்தவர்கள் எழுத மாட்டார்கள். ஒன்று மட்டும்: பெண்களுக்கான டானிக் விற்ற லிடியா பிங்கம் 1883இல் காலமானார். ‘திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள்’ என்ற விளம்பரம் நிற்கவில்லை. 1905இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவருடைய கல்லறைக் கல்லைப் படமெடுத்துப் போட்டது.

அளவுகளில் நான் பட்ட பாடு வேறு. ‘கிரெய்ன்’ என்பதைத் தானியமணி என்று எழுதினால் கதை கந்தல். அது சுமார் 65 மில்லிகிராம் எடை. 60 கிரெய்ன் ஒரு டிராம், அதாவது 3.9 கிராம். டிராமுக்கான குறி அச்சில் அப்படியே 3 மாதிரி இருக்கும். ‘டிராம் 2’ என்றிருப்பதை 32 என்று படித்தவர்களில் நானும் ஒருவன். அமெரிக்கப் பைன்ட் 473 மில்லி, பிரிட்டிஷ் பைன்ட் 568 மில்லி. புத்தகம் எங்கே அச்சானது என்று பார்க்காமல் கணக்குப் போட முடியாது. சரக்குப் பெயர்களில் அதைவிடக் கவனம் வேண்டும். கலோமெல் என்பது நம் பூரம்; கரோசிவ் சப்லிமேட் என்பது வீரம். இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்தவை. முன்னது பேதி மருந்தாகவும், பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பொடியாகவும் போனது. அந்தப் பொடியிலிருந்து பாதரசத்தை 1950களில் எடுத்த பிறகுதான், கைகால் சிவந்து உரியும் ஒரு குழந்தை நோய் மறைந்தது. பின்னது சிறிதளவிலேயே கொல்லும். பழைய நூல்களில் இரண்டையும் பிரித்துக்காட்டுவது பெயருக்கு முன்னால் வரும் ஒரு சின்ன அடைமொழிதான். பூரத்தை ‘ரச கற்பூரம்’ என்றும் சொல்வதால், கற்பூரம் என்று சுருக்கி எழுதுகிற இன்னொரு விபத்தும் தமிழில் நடக்கிறது.

கடைசியாக, புட்டி சேகரிப்பவர்களுக்கு. ஒரு பழம்பொருள் கடையில் உள்ளே வெள்ளைப் பொடி இறுகிப்போன ஒரு புட்டியைக் கடைக்காரர் என் மூக்கருகே கொண்டுவந்து குலுக்கி, ‘நூறு வருஷ சரக்கு சார், வீரியமெல்லாம் போயிருக்கும்’ என்றார். மார்ஃபின் கெடலாம், பாஷாணம் கெடாது. அதிலுள்ள ஆர்சனிக் ஒரு தனிமம், சிதைந்து வேறொன்றாக ஆவதற்கு வழியில்லை. நியூசிலாந்தில் 50,000 வரை பழைய ஆட்டுக் குளியல் இடங்கள் இருக்கலாம் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் மாட்டு உண்ணிக்குக் கட்டிய தொட்டிகள் மட்டும் 1,600க்கு மேல். தொட்டி இடிந்து மண் மூடிப்போயிருக்கும். அதையடுத்து, முக்கி எடுத்த ஆடுகள் சொட்டச் சொட்ட நின்ற தரை இருக்கும். விஷம் பெரும்பாலும் அங்கேதான் ஊறிக் கிடக்கும். பிற்பாடு நிலத்தை வாங்கியவர்களுக்கு அது சமதளமான, காய்கறிப் பாத்தி போடத் தோதான இடமாகத் தெரிகிறது.