கிடங்குக்கு இடம் பார்க்கிறீர்களா? வட்டம் போடாதீர்கள்
கிடங்குக்கு இடம் தேடும்போது நிலத்தின் விலையும் நெடுஞ்சாலையும்தான் முதலில் கண்ணில் படும். வேலையாட்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வி, பெரும்பாலும் கட்டடம் எழுந்த பிறகுதான் எழும்.

வரைபடத்தில் 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டு, உள்ளே வசிப்பவர்களைக் கூட்டிவிடாதீர்கள். குறுக்கே பாலமில்லாத ஆறு ஒன்று ஓடினால் அந்தக் கணக்கு அதிலேயே மூழ்கிவிடும். பயண நேர எல்லையை வரையுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் ‘ஓஆர்எஸ் டூல்ஸ்’ என்ற செருகுநிரலை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) சேர்த்தால், 30 அல்லது 45 நிமிடத்தில் வந்து சேரக்கூடிய பகுதியை அதுவே வரைந்து தரும். அதன்மேல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தரவைப் பொருத்தி, வேலை செய்யும் வயதினரை மட்டும் எண்ணுங்கள்.

ஆனால் அந்தக் கருவிக்குப் பஸ் அட்டவணை தெரியாது. ஷிப்ட் இரவு 10 மணிக்கு முடிந்து, கடைசி பஸ் 9.30க்கே போய்விடுகிறது என்றால், சொந்த வண்டி இல்லாதவர்களைக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். அல்லது வேன் செலவை வாடகையோடு சேர்த்துப் பாருங்கள்.

அதே எல்லைக்குள் இருக்கும் மற்ற கிடங்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். பழகிய கைகள் அங்கே நிறையக் கிடைக்கும்தான். ஆர்டர்கள் குவியும் மாதங்களில் எல்லோரும் அதே கைகளைத்தான் இழுப்பார்கள்.