ஆரோக்கியப்பச்சை சொல்லும் பாடங்கள்: பழங்குடிகளின் தாவர அறிவை ஆராய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்குடி அறிவு, காப்புரிமை என்று பேச்செடுத்தாலே நம்மில் பலரும் மஞ்சளையும் வேம்பையும் சொல்லிவிடுவோம். மஞ்சளைக் கொண்டு காயம் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இலும், வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பாவில் வழங்கப்பட்ட காப்புரிமை 2000இலும் ரத்து செய்யப்பட்டன. இரண்டுமே பிறர் நமக்கு இழைத்த அநீதிகள் என்பதால் அவற்றைச் சுட்டிக்காட்டுவது எளிது. களத்துக்குச் செல்லும் ஆய்வு மாணவருக்கும் மூலிகை நிறுவனத்தாருக்கும் அவற்றைவிட அதிகம் கற்றுத்தருவது, நல்லெண்ணம் கொண்டவர்கள் நம் மலைகளிலேயே நடத்திய ஒரு முயற்சி. அகத்தியமலைக் காணிப் பழங்குடியினரின் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகைச் செடியைப் பற்றித்தான் சொல்கிறேன்.

1987 டிசம்பரில் அம்மலைக் காடுகளில் தாவரங்களையும் அவற்றின் பயன்பாட்டையும் ஆராயச் சென்ற அறிவியலாளர் புஷ்பாங்கதனின் குழுவுக்குக் காணி இளைஞர்கள் வழிகாட்டினார்கள். ஆய்வாளர்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, இளைஞர்களோ ஒரு சிறு செடியின் காய்களை மென்றபடி சளைக்காமல் ஏறினார்கள். அது வெளியாருக்குச் சொல்லக்கூடாத அறிவு என்று முதலில் தயங்கியவர்கள், வற்புறுத்திக் கேட்டபின் செடியைக் காட்டினார்கள். ஓடைக்கரை நிழலில், நீண்ட காம்பின் நுனியில் இதய வடிவ இலை விரித்துத் தரையோடு வளரும் அந்த ஆரோக்கியப்பச்சையின் அறிவியல் பெயர் டிரைகோபஸ் சைலானிகஸ். இலங்கையிலும் அது உண்டு. கேரளத்தின் பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து ‘ஜீவனி’ என்ற ஊட்டமருந்தை உருவாக்கியது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீத ராயல்டிக்கும் ஏழு ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு என்று ஆராய்ச்சி நிறுவனம் தானாகவே முடிவெடுத்தது. அப்படிப் பகிர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அன்று இந்தியாவில் இல்லை என்பதால் அது மெய்யாகவே பெரிய செயல். 2002இல் புஷ்பாங்கதனுக்கு ஐக்கிய நாடுகளின் ஈக்வேட்டர் விருதும் கிடைத்தது. இருந்தும், செய்யக்கூடாத தவறுகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரே கதையில் காணலாம்.

முதல் தவறு, வழிகாட்ட வந்த ஓரிருவரின் சம்மதத்தைச் சமூகத்தின் சம்மதமாக எடுத்துக்கொள்வது. காணிகள் ஒரே ஊரில் வாழ்பவர்கள் அல்லர். திருவனந்தபுரம் மாவட்டத்தின் பல ஊராட்சிகளிலும், தமிழ்நாட்டில் பாபநாசத்துக்கு மேலே சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளிலும், கன்னியாகுமரி மாவட்ட மலைகளிலும் பரவி வாழ்கிறார்கள். ஒவ்வொரு குடியிருப்புக்கும் மூட்டுக்காணி என்ற தலைவர் உண்டு. மருந்தும் மந்திரமும் அறிந்த பிலாத்திகள் தனி. ஜீவனி முயற்சியில் குற்றிச்சல் ஊராட்சிப் பகுதிக் காணிகளுடனேயே பெரிதும் தொடர்பு இருந்ததால், பிற பகுதியினர் தங்களைக் கேட்கவில்லை என்று வருந்தினார்கள். 1995இல் பிலாத்திகள் ஒன்பது பேர், தங்கள் அறிவைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்பதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதமே எழுதினார்கள். எந்த அறிவு யாருடைய பொறுப்பில் இருக்கிறது, அதை வெளியே சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்பதைச் செடியைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே கேட்டறிய வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும் என்றால் அந்த மாதங்களையும் ஆய்வுத் திட்டத்தில் சேர்த்தே நிதி கேட்க வேண்டும்.

ஒருமுறை பெற்ற இசைவு எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைப்பது அடுத்த தவறு. களைப்பு தீரக் காய் தின்பதைச் சொன்னவர்கள், இலையிலிருந்து ஒரு மருந்து தயாராகி நாடெங்கும் விற்கப்படும் என்பதற்கா தலையசைத்தார்கள்? செடியின் பெயரைப் பதிவு செய்வது, ஆய்வகத்தில் பகுத்துப் பார்ப்பது, காப்புரிமைக்கு விண்ணப்பிப்பது, நிறுவனத்துக்கு உரிமம் தருவது ஆகிய ஒவ்வொன்றும் வேறு வேறு நோக்கம். நோக்கம் மாறும்போதெல்லாம் மீண்டும் மலையேறிச் சென்று அவர்கள் மொழியில் விளக்கிக் கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொல்லவும் இடம் தர வேண்டும். “அவர்கள் சொன்னது காயைப் பற்றி, நாங்கள் பயன்படுத்தியது இலையை, ஆகவே இது எங்கள் கண்டுபிடிப்பு” என்ற வாதம் ஆய்வுலகில் அடிக்கடி கேட்கும் ஒன்று. பல்லாயிரம் செடிகள் உள்ள காட்டில் எதைப் பறித்து ஆய்வகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதைக் காட்டிக்கொடுத்த அறிவுக்கு அந்த வாதத்தில் மதிப்பே இல்லை. எனக்கு அது ஒருபோதும் நேர்மையானதாகத் தோன்றியதில்லை.

மூன்றாவது, பணத்தைப் பங்கிட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவது. காணிகளின் நல அறக்கட்டளை 1997 நவம்பரில்தான் பதிவானது; 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட முதல் தொகை 1999இல்தான் அவர்கள் கைக்கு வந்தது. பணத்தைவிடப் பெரிய சிக்கல் செடியில்தான் இருந்தது. அது தன் இயற்கைச் சூழலில் வளர்ந்தால்தான் மருந்துக்கு உதவும் என்பதால், காணிக் குடும்பங்களைக் கொண்டு காட்டை ஒட்டியே பயிரிட்டு இலை வாங்கும் திட்டம் தொடங்கியது. வனத்துறை எதிர்ப்புத் தெரிவித்ததில் அது தடைப்பட்டது. இலைக்கு விலை இருக்கிறது என்று தெரிந்ததும் செடியை வேரோடு பிடுங்கி விற்பவர்களும் வந்துசேர்ந்தார்கள். போதாக்குறைக்கு, வெளிநாடுகளில் பெயரைப் பாதுகாத்துவைக்காததால் அமெரிக்க நிறுவனம் ஒன்று ‘ஜீவனி’ என்ற பெயரையே அங்கே வணிகச்சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அறிவுக்குப் பங்கு கொடுத்தவர்கள் நிலத்தின் மீதான உரிமையைப் பேசவில்லை. காட்டுக்குள் செடி வளர்க்கவும் பறிக்கவும் உரிமை இல்லாத மக்களுக்கு 2 சதவீதத்தில் பாதி எவ்வளவு தூரம் உதவும்?

இங்கேதான் சட்டத்தைப் பற்றிய தவறான புரிதல்களும் வருகின்றன. வனத்துறையின் நுழைவு அனுமதி கையில் இருந்தால் எல்லாம் சரி என்று எண்ணுபவர்கள் ஏராளம். அது காட்டுக்குள் நுழைய மட்டுமே அனுமதி. சென்னையிலிருந்து இயங்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதலும் மக்களின் இசைவுக்கு ஈடாகாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், ஆணையம் முடிவெடுக்கும்போது உள்ளூர்ப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் ‘கலந்தாலோசிக்க’ வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தக் குழுவும் ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்துவதே தவிர, ஒரு காணிக்குடியிருப்பின் கூட்டம் அன்று. வலுவான பிடிமானம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 3(1) பிரிவில், ஆங்கில மூலத்தில் கே (k) என்று குறிக்கப்படும் உட்பிரிவு, பல்லுயிர் வளத்தை அணுகவும், அதைச் சார்ந்த மரபறிவின் மீது அறிவுசார் சொத்துரிமை கொள்ளவும் சமூகத்துக்கு உரிமை உண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. ஆய்வாளர்களில் பலர் இந்தப் பிரிவைப் படித்ததே இல்லை என்பது வேதனைக்குரியது. வணிக நோக்கமில்லாத ஆய்வுக்கு இந்தியருக்கு ஆணைய ஒப்புதல் தேவையில்லைதான். ஆனால் ஆய்வின் முடிவை வெளிநாட்டவருக்குக் கைமாற்றும்போதோ காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போதோ சட்டம் குறுக்கே வரும். இந்திய நிறுவனம் பயன்பகிர்வு செய்ய, அதாவது கிடைக்கும் ஆதாயத்தில் மக்களுக்குப் பங்கு தர, வேண்டியதில்லை என்ற வாதத்தையும் 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் ஏற்கவில்லை. அதே சமயம், 2023இல் வந்த திருத்தம் ஆயுஷ் மருத்துவர்களுக்கும் நூல்களில் பதிவான மரபறிவுக்கும் விலக்குகள் அளித்திருப்பதால், வாய்மொழியாக வாழும் பழங்குடி அறிவைப் பற்றி இன்னும் கூடுதலான கவனம் தேவைப்படுகிறது.

அச்சிட்டு வெளியிட்டுவிட்டால் யாரும் திருட முடியாது என்ற நம்பிக்கையையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மஞ்சள் வழக்கில் பழைய நூல்களும் கட்டுரைகளும்தான் கைகொடுத்தன. 2001இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகமும் அதே நோக்கத்தில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நூல்களிலிருந்து திரட்டப்பட்டது. அப்படிப்பட்ட பதிவு பிறருக்குக் காப்புரிமை போவதைத் தடுக்குமே ஒழிய, அறிவைத் தந்தவர்களுக்கு எதையும் வாங்கித் தராது. இதுவரை மலைக்குள் இருந்த ஒரு மருந்தின் செய்முறையையும் செடி நிற்கும் இடத்தின் துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையையும் ஆய்விதழில் வெளியிட்டால், வணிகருக்கு வழிகாட்டியது நாமாகவே இருப்போம். ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய அறிவையும் பதியும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதும்போதும் எதை எழுதலாம், எதை எழுதாமல் விட வேண்டும் என்பதை அந்தக் குடியிருப்பினரே முடிவு செய்யட்டும்.

அறிவைத் தந்த மக்களையே மறந்துபோவது எங்கும் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சான் மக்கள் பசியும் தாகமும் அடங்க மென்றுவந்த ஹூடியாச் செடியிலிருந்து பெற்ற சேர்மத்துக்கு அந்நாட்டு அரசு ஆய்வு மையம் காப்புரிமை பெற்று, ஒரு பிரிட்டன் நிறுவனத்துக்கு உரிமமும் கொடுத்தது. அந்த மக்கள் அழிந்துவிட்டதாகவே எண்ணியிருந்தோம் என்று 2001இல் அந்நிறுவனத் தரப்பில் சொல்லப்பட்டது. உயிரோடு இருந்த சான் மக்கள் வழக்கறிஞர் துணையோடு போராடி 2003இல் பயன்பகிர்வு ஒப்பந்தம் பெற்றார்கள். 2017இல் தங்களை ஆராய வருவோருக்கான நெறிமுறைகளையும் தாங்களே எழுதி வெளியிட்டார்கள்.

நம்மிடம் இந்த மறதி மிகச் சாதாரணமான ஓரிடத்தில் தொடங்குகிறது. ஆய்வுக்காக உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் உலர்தாவர மாதிரியின் மூலையில் ஒட்டும் சீட்டில் செடியின் அறிவியல் பெயர், குடும்பம், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் இருக்கும். பயனைச் சொன்னவர் யார், எந்தக் குடியிருப்பு, என்ன நிபந்தனையோடு சொன்னார் என்பதற்கு ஒரு வரி கூட இருக்காது. 2024 மே மாதம் ஜெனிவாவில் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உறுப்பு நாடுகள் ஏற்ற உடன்படிக்கை, மரபறிவின் அடிப்படையில் காப்புரிமை கேட்போர் அந்த அறிவைத் தந்த மக்களைக் குறிப்பிட வேண்டும் என்கிறது. தெரியாது என்றால் தெரியாது என்று அறிவித்துவிட்டுப் போகவும் அதில் இடமுண்டு. களக் குறிப்பேட்டில் குடியிருப்பின் பெயரும் நிபந்தனையும் அன்றைக்கே எழுதப்படாவிட்டால், இருபது ஆண்டுக்குப் பின் விண்ணப்பம் எழுதுபவர் ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதுவது பொய்யாகக்கூட இருக்காது. ஆகவே சொன்னவரின் விருப்பப்படி பெயரையோ குடியிருப்பை மட்டுமோ எழுதி, நிபந்தனையையும் சேர்த்து, குறிப்பின் ஒரு படியைத் தமிழிலோ மலையாளத்திலோ குடியிருப்பிலேயே கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டும்.