குழந்தை வதைக்கப்படுவதாக ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியவை

உடலில் தெரியும் காயத்தை மட்டுமே குழந்தை வதைக்கு அடையாளமாகக் கொள்வது தவறு. உடல்வதை, பாலியல் வதை, மனவதை, புறக்கணிப்பு, சுரண்டல் ஆகிய அனைத்தையும் உலக சுகாதார நிறுவனம் இதில் அடக்குகிறது. ஓயாமல் இழிவுபடுத்திப் பேசுவதும், நோயுற்ற பிள்ளையை வேண்டுமென்றே மருத்துவரிடம் காட்டாமல் விடுவதும் வதைதான். ஆனால் வறுமையால் போதிய உணவு தர இயலாத தாயை இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அவருக்குத் தேவை உதவி, வழக்கு அல்ல. பள்ளியில் தரப்படும் அடியைக் கண்டிப்பு என்று ஏற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது.

பாலியல் குற்றங்களைப் பொறுத்தவரை 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயது நிறையாத ஆண், பெண் இருபாலரையும் காக்கிறது. தொடுதல் மட்டுமன்றி, பாலியல் நோக்கத்துடன் ஆபாசப் படம் காட்டுவதும், விடாமல் பின்தொடர்வதும், கைப்பேசி வழியாகத் தொல்லை தருவதும் அதில் குற்றங்களே.

இனிமேல்தான் நம் கடமை தொடங்குகிறது. நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கினாலோ, குறிப்பிட்ட உறவினர் வரும்போதெல்லாம் ஒளிந்துகொண்டாலோ, தூக்கத்தில் அலறினாலோ, வயதுக்கு மீறிய பாலியல் சொற்களைப் பேசினாலோ கவனிக்க வேண்டும். இவற்றில் எதுவும் தனித்து நின்று வதையை உறுதி செய்யாது. எனினும் அக்குழந்தையுடன் அமைதியாகப் பேச இவை போதிய காரணமாகும்.

குழந்தை வாய் திறந்தால் குறுக்கிடாமல் கேளுங்கள். “நீ சொல்வதை நம்புகிறேன், உன்மேல் தவறில்லை” என்று சொல்லுங்கள். “மாமா இப்படிச் செய்தாரா?” என்று விடையை எடுத்துக்கொடுக்கும் கேள்விகளும், “ஏன் அப்போதே சொல்லவில்லை?” என்ற கேள்வியும் வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்களிக்கவும் கூடாது, ஏனெனில் அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. கேட்டதை அக்குழந்தையின் சொற்களிலேயே அன்றே எழுதி வையுங்கள். மீண்டும் மீண்டும் சொல்ல வைப்பது குழந்தைக்குக் கூடுதல் துன்பம்.

அடுத்து, காவல் நிலையத்திலோ சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ தகவல் தர வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். நிரூபிப்பது உங்கள் வேலை அன்று. போக்சோவின் 19ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாக அறிந்தவர் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். குடும்ப மானத்தின் பெயரால் பெரியவர்கள் கூடிப் பேசி முடிப்பது குற்றம் செய்தவரையே காக்கிறது. குழந்தையோ அவர் நடமாடும் அதே வீட்டில் வாழ வேண்டியிருக்கிறது.

வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவல் அலுவலர் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. இதை அறிந்திருந்தால், தயங்கும் பெற்றோருக்குத் துணிவூட்ட முடியும். குழந்தையின் பெயரையோ படத்தையோ பள்ளியையோ வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள், அனுதாபத்துடன்கூட வேண்டாம். விசாரணை முடியும்வரை உடனிருக்க ஓர் ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு (குழந்தைகளின் பாதுகாப்புக்காக மாவட்டந்தோறும் அரசு அமைக்கும் குழு) நியமிக்க முடியும். நியமிக்கப்படவில்லையெனில் பெற்றோர் அக்குழுவை அணுகிக் கேட்கலாம்.